சொல்தாவின் பித்தளைக் கேரியர்

புதுச்சேரியில் எந்த ஆஸ்பத்திரியில் யார் போய்ப் படுத்தாலும், தலையணையில் தலை படுவதற்கு முன்னால் சொல்தாவின் சாப்பாடு வந்து நிற்கும். டாக்டர் அதற்குப் பிறகுதான் வருவார். சில பேருக்கு, தமக்கு என்ன வியாதி என்பதே சொல்தா கொண்டுவந்த குழம்பைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் சொல்தா என்றால் இவர் ஒருவர்தான். மற்ற இரண்டு பேருக்கும் பெயர் இருந்தது.

ஆறடி உயரம், காக்கி அரைக்கால் சட்டை, காதை மறைக்கிற மாதிரி சாய்த்து வைத்த கறுப்புத் தொப்பி. ஆண்கள் எல்லாரும் அவருக்கு 'மிசே', பெண்கள் எல்லாரும் 'மதாம்'. பிரெஞ்சு மரியாதை. பால்வாடிக்குப் போகும் பெண் குழந்தைகூட மதாம்தான். மனைவி இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பிரான்சில். பட்டாளத்தில் அவர் துப்பாக்கி பிடித்தாரா, கரண்டி பிடித்தாரா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கேட்டால், "ரெண்டும் சூடா இருந்தாத்தான் மிசே பிரயோஜனம்" என்பார்.

அவர் சமையலுக்கு ஒரு வைத்திய சாஸ்திரம் உண்டு. கால் முறிந்தால் ஆட்டுக்கால் சூப். காய்ச்சலுக்கு மிளகு ரசமும் குழைந்த சோறும். மஞ்சள் காமாலைக்கு மோர் சாதம். இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். சொல்தா அதோடு நிற்க மாட்டார். வேலை போனவன் வீட்டுக்கு முருங்கைக்காய் சாம்பார் போகும். அதைச் சாப்பிட நேரம் ஆகும், வேலை போனவனுக்கு நேரத்தைத் தள்ளுவதுதான் கஷ்டம் என்பது அவர் கட்சி. கோர்ட்டில் கேஸ் தோற்றவனுக்குக் கருவாட்டுக் குழம்பு. காதலில் தோற்றவனுக்கு எள்ளுருண்டை. ஏன் எள்ளுருண்டை என்று கேட்டேன். "வாயைக் கட்டிப் போட்டுடும் மிசே. பொலம்ப முடியாது."

கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவரும் இல்லை. படுத்திருப்பவர் மூன்று வாய் சாப்பிடும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்பார். ஒவ்வொரு வாய்க்கும் "அலே, அலே" என்று அதட்டுவார். பிரெஞ்சில் 'ம், ஆகட்டும்' என்று அர்த்தம். மூன்றாவது வாய் உள்ளே போனதும் ஒரு சல்யூட். பார்வையாளர் நேரமெல்லாம் அவருக்குக் கிடையாது. வாட்ச்மேன்களுக்கும் வார்டு ஆயாக்களுக்கும் தனியாக ஒரு பொட்டலம் வரும். அதனால் ஊரில் உள்ள அத்தனை ஆஸ்பத்திரிக் கதவுகளும் அவர் மொபெட் சத்தத்துக்குத் தானாகத் திறந்தன. அதனாலேயே, எந்தச் சேதியும் வீட்டுக்காரர்களுக்குப் போவதற்கு முன்னால் சொல்தாவுக்குப் போய்விடும்.

இன்னொரு சட்டமும் அவரிடம் இருந்தது. வெறும் வயிற்றில் இருப்பவனிடம் சேதி சொல்ல மாட்டார். நல்ல சேதியும் சொல்ல மாட்டார், கெட்ட சேதியும் சொல்ல மாட்டார். முதலில் சோறு, பிறகுதான் சேதி.

பரீட்சை ரிசல்ட்டெல்லாம் பிரவுசிங் சென்டரில் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு நாள் காலையில் தையல்கடை ஏகாம்பரத்தின் கடைக்கு முன்னால் சொல்தாவின் மொபெட் நின்றது. கேரியரைத் திறந்தால் கேசரி. நெய் வழிகிற கேசரி.

"இன்னா சொல்தா, கேசரி? இங்க யாருக்கும் உடம்பு சரியில்லையே?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. மொதல்ல சாப்புடுங்க மிசே. அலே."

ஏகாம்பரம் மூன்று வாய் சாப்பிட்டார். நாலாவது வாயும் சாப்பிட்டார், கேசரி அப்படி.

"இப்ப சொல்றேன். ஒங்க பையன் கணக்குல போயிட்டான். மத்ததெல்லாம் பாஸு. அடிக்காதீங்க. அடியில இன்னும் கேசரி இருக்குது."

பிரவுசிங் சென்டர்க்காரனுக்குக் காமாலை வந்தபோது முழுசாக ஒரு மாதம் மோர் சாதம் போட்டவர் சொல்தா. நன்றியுள்ள பையன், ரிசல்ட்டை முதலில் இவரிடம் சொல்லிவிட்டான். பரீட்சை எழுதிய பிள்ளைக்கே அது இன்னும் தெரியாது. அவன் கடற்கரைக் கோயிலில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தான். ஏகாம்பரம் கையை ஓங்கத்தான் பார்த்தார். கை முழுக்க நெய். பக்கத்தில் யாரோ தைக்கக் கொடுத்த பட்டு ரவிக்கைத் துணி வேறு. கையைக் கழுவி வருவதற்குள் கோபம் இறங்கிவிட்டது.

இதுவரை சொன்னது சிரிக்கிற கதை. சொல்தாவிடம் இரண்டு கேரியர்கள் இருந்தன என்பதை இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒன்று எவர்சில்வர், மூன்று அடுக்கு. ஆஸ்பத்திரிக்கும் மற்ற கஷ்டங்களுக்கும் போவது. வாங்கிக்கொண்டவர்கள் கழுவி, கொஞ்சம் சர்க்கரையோ ஒரு வாழைப்பழமோ உள்ளே வைத்து அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெறும் பாத்திரத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

மற்றது பித்தளை, ஐந்து அடுக்கு. அது சாவு வீட்டுக்கு மட்டும் போவது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, சுற்றி இருப்பவர்கள்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது எல்லாருக்கும் உள்ள வழக்கம். சொல்தா அதில் ஒன்று சேர்த்துக்கொண்டார். அந்தச் சாப்பாட்டை அவர் தாளிக்க மாட்டார். கடுகு வெடிக்கிற வாசனை சந்தோஷமான வீட்டு வாசனை, துக்க வீட்டுக்கு ஆகாது என்பார். தாளிக்காத ரசம், தாளிக்காத தயிர் சாதம். அப்பளம் கிடையாது.

ஒரு மத்தியானம் அந்தப் பித்தளைக் கேரியர் மொபெட்டில் ஏறியது. எங்கள் தெருவே வெயிலில் அப்படியே நின்றுவிட்டது. அப்போது தெருவில் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் நாலு பேர். நான் எண்ணி வைத்திருந்தேன். நாலு வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மொபெட் முதல் வீட்டைத் தாண்டியது. அந்த வீட்டு அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது வீட்டைத் தாண்டியது. மூன்றாவதையும் தாண்டியது. மூலையில் கோவிந்தனின் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கோவிந்தன் கையில் சூடான பெட்டி. "சொல்தா, இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன். அப்பா நல்லாப் பேசினாரே? பீடி கேட்டாரே?"

"மொதல்ல பொட்டியக் கீழ வைங்க மிசே."

"நீங்க சொல்லுங்க."

"பொட்டியக் கீழ வைங்க. மூணு வாய் சாப்புடுங்க."

கோவிந்தன் சாப்பிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, அந்த ஆள் சொன்னபடி மூன்று வாய் சாப்பிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் அதற்கப்புறம்தான் மெடிக்கல் ஷாப்புக்கு வந்தது. வந்தபோது அவன் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றான், மயங்கி விழவில்லை. சொல்தா செய்தது சரி என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே, அன்றிலிருந்து அந்தப் பித்தளைக் கேரியரைக் கண்டால் எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்னையும் சேர்த்து.

பாண்டிச்சேரி என்ற பெயரைப் புதுச்சேரி என்று மாற்றிய வருஷம் என் மனைவி சரோஜாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பரிசோதனைகளுக்காக அவளைச் சில நாள் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். எவர்சில்வர் கேரியர் தினமும் வந்தது. சரோஜா மூன்று வாயும் சாப்பிட்டு, சல்யூட்டும் வாங்கிக்கொண்டாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் கேரியரைத் திருப்பிக் கொடுக்க நான் கிளம்பினேன். அவள் விடவில்லை.

"இத்தினி நாள் சோறு போட்ட மனுசனுக்கு ஒரு வாழைப்பழத்தை வச்சா குடுக்கறது? இருக்கட்டுங்க. ஆபரேஷன் முடிஞ்சு வந்து நானே ஏதாச்சும் செஞ்சு போட்டுத் தர்றேன்."

வந்து செய்வேன் என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். டாக்டர் சொன்னது அப்படி இல்லை. "திறந்து பார்த்தாத்தான் சார் சொல்ல முடியும்" என்றிருந்தார்.

ஆபரேஷன் அன்று விடியற்காலையிலேயே அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மகள் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். நான் தியேட்டர் கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் பாதிவரை வெள்ளை ஓடு பதித்திருந்தார்கள். வேறு எதையும் நினைக்காமல் இருக்க அதை எண்ணத் தொடங்கினேன். கதவு திறக்கும் போதெல்லாம் எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து.

பக்கத்து நாற்காலியில் தவளக்குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் இருந்தாள். அவள் புருஷனும் உள்ளே. என் உதடு அசைவதைப் பார்த்து, "இன்னா சார், மந்திரமா? எனக்கும் சொல்லிக் குடுங்க, நானும் சொல்றேன்" என்றாள்.

"மந்திரம் இல்லம்மா. டைல்ஸ்."

அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மத்தியானம் ஆயிற்று. மூன்று மணி நேரத்தில் முடியும் என்றவர்கள் சொன்ன நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. நர்ஸ் ஒருத்தி வேகமாக வெளியே வந்து, ஒரு பையோடு இன்னும் வேகமாக உள்ளே போனாள். "சரோஜா..." என்று எழுந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் வராந்தாவின் அந்தக் கோடியில் கறுப்புத் தொப்பி தெரிந்தது. ஒரு வார்டு ஆயா வழிவிட்டு நின்றாள். வாட்ச்மேன் எழுந்து நின்றான். சொல்தா நடந்து வந்தார். அவர் கையில் மஞ்சளாக மின்னியது பித்தளைக் கேரியர்.

ஐந்து அடுக்கு. நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். ஐந்துதான்.

கோவிந்தனின் இஸ்திரிப் பெட்டி கண்ணில் வந்தது. இவருக்குச் சேதி முதலில் வரும். எனக்கு அப்புறம்தான் வரும். உள்ளே என்ன ஆயிற்று என்பதை எப்படிச் சொல்வது என்று டாக்டருக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம், சொல்தாவுக்குத் தெரியும்.

"சொல்தா" என்றேன்.

அவர் என் முன்னால் தரையில் கேரியரை வைத்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. "காலைல இருந்து ஒண்ணும் சாப்புடல இல்ல?"

"சரோஜாவுக்கு என்னாச்சு? சொல்லிடுங்க."

"சொல்றதுக்கு ஒண்ணு இருக்குது. மொதல்ல சாப்புடுங்க மிசே. அப்பறம் சொல்றேன்."

சொல்வதற்கு ஒன்று இருக்கிறதாம். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அறுபத்தாறு வயதில், பட்டாளத்துக்காரர் ஒருவரின் சட்டையைப் பிடிப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அப்போது யோசிக்கவில்லை. அவர் என் கையை மெதுவாக எடுத்து, அதில் ஒரு தட்டைக் கொடுத்தார்.

தவளக்குப்பத்து அம்மாள், "சாப்புடுங்க சார். பெரியவரு இவ்ளோ தூரம் எடுத்துகினு வந்துகிறாரு" என்றாள்.

சாப்பிட்டால்தான் சொல்வார். சாப்பிடாமல் இருந்தால் தெரியாமலே இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்க, சொல்தா கேரியரின் கம்பியை நீக்கினார். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. சேதியை இவர் வாயால் கேட்க வேண்டியதில்லை. சாப்பாடே சொல்லிவிடும். கடுகு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முதல் அடுக்கு, வெறும் சோறு. அதில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது அடுக்கு, பீன்ஸ். குனிந்து பார்த்தேன். தேங்காய்ப்பூ இருந்தது, கறிவேப்பிலைகூட இல்லை. கடுகு இல்லை. பீன்ஸில் சில பேர் போடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது அடுக்கு, தயிர் சாதம். வெள்ளை வெளேரென்று, எதிர்ச் சுவர் மாதிரி. ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. தயிர் சாதத்தைத் தாளிக்காமல் யார் கொண்டுவருவார்கள்? நாலாவது அடுக்கு, ரசம்.

ரசத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துப் பக்கம் சாய்த்தேன். கொத்தமல்லி இருந்தது. ஒதுக்கினேன். ஒரு தக்காளித் தோலை ஒதுக்கினேன். அடியில் பருப்பு மண்டி. ஒரு கடுகு இல்லை. ஒரே ஒரு கடுகுகூட இல்லை.

"ரசத்துல இன்னா தேடறீங்க?" என்றார் சொல்தா.

சோற்றில் ரசத்தை ஊற்றினேன். சோறு சட்டையில் விழுந்தது. முதல் வாயை விழுங்கினேன். இரண்டாவது வாய். மூன்றாவதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதையும் விழுங்கிவிட்டால் சொல்லிவிடுவார்.

"அலே" என்றார். அதட்டாமல், மெதுவாக.

விழுங்கினேன்.

சொல்தா சல்யூட் அடிக்கவில்லை. எனக்கு மறுபக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்ப சொல்றேன். போன வாரம் மதாம் எங்க வூட்டுக்கு வந்தாங்க."

"யாரு?"

"ஒங்க மதாம். நடக்க முடியாம நடந்து வந்தாங்க. 'ஆபரேஷன் அன்னிக்கு எனக்கு ஒண்ணும் வேணாம் சொல்தா, எப்படியும் குடுக்க மாட்டாங்க. இவரு சாப்புட மாட்டாரு. உக்காந்து எதையாச்சும் எண்ணிகினு இருப்பாரு. நீங்கதான் வந்து சாப்புட வைக்கணும். நான் சொன்னேன்னு மொதல்லயே சொல்லிடாதீங்க, அழுதுடுவாரு, சோறு எறங்காது'ன்னு சொன்னாங்க. இதான் சேதி."

"இதான் சேதியா? உள்ள..."

"உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தியேட்டர்ல எனக்கு ஆள் இல்ல மிசே. அங்க இருக்கறவங்க எல்லாம் கேன்டீன்ல சாப்புடறாங்க."

"அப்ப ஏன் பித்தளைக் கேரியர்?" நான் கத்திவிட்டேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஏன்யா அதை எடுத்துட்டு வந்தே?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது. கேரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சின்ன கேரியரு ஒங்க வூட்டுல இல்ல இருக்குது! மதாம் குடுக்கவே மாட்டேன்னுட்டாங்களே, நல்லதா ஏதாச்சும் செஞ்சு போட்டுத்தான் தருவேன்னு. நான் இன்னா, ரசத்தைத் தொப்பியில ஊத்தியா எடுத்துகினு வர முடியும்?"

"கடுகு? ஒண்ணுலகூட கடுகு இல்லையே?"

"ஒங்களுக்கு நெஞ்செரிச்சல்னு அவங்கதான் தாளிக்க வேணாம்னாங்க. 'ஒரு மாசமா வூட்டுல இவருக்குத் தாளிக்காமத்தான் போடறேன். ஊர்ல இருக்கறத எல்லாம் எண்றாரு, தட்டுல கடுகு இல்லன்றத இன்னும் கண்டுபுடிக்கல'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

தவளக்குப்பத்து அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அழுதேன். அவள் சொன்னபடியேதான். நல்ல வேளை, சோறு இறங்கியிருந்தது.

சொல்தா அடி அடுக்கை எடுத்துத் திறந்தார். காரக் குழம்பு. மேலே கடுகு பளபளவென்று மிதந்தது, பக்கத்தில் இரண்டு அப்பளம் தாளில் சுற்றிச் செருகியிருந்தது. "இது எனக்கு" என்றார். "நீங்க தனியாச் சாப்புட்டா எறங்காதுன்னு நானும் கட்டிகினு வந்தேன்." அந்த மனிதர் சாப்பிட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. அந்த வராந்தாவில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தவளக்குப்பத்து அம்மாளுக்குத் தயிர் சாதமும் ஒரு அப்பளமும் போயின. அவளுக்கும் மூன்று வாய்க்கு மூன்று அலே.

"சரோஜாவோட வந்தவங்க யாரு?"

கதவில் பச்சை உடுப்போடு டாக்டர் நின்றார். என் வாயில் சோறு. எழுந்திருக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எனக்குப் பதிலாகச் சொல்தா விறைப்பாக எழுந்து நின்றார். கையில் பாதி அப்பளம்.

"கட்டிய எடுத்தாச்சு. நினைச்சதைவிடப் பெரிசு, அதான் லேட்டு. டெஸ்டுக்கு அனுப்பறோம். பார்த்தவரைக்கும் கெட்ட கட்டி மாதிரி தெரியல. மயக்கம் தெளிஞ்சதும் பார்க்கலாம்."

சொல்தா டாக்டருக்கு ஒரு சல்யூட் அடித்தார். அப்பளம் நொறுங்கித் தலையில் கொட்டியது. டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அவரும் அன்று சாப்பிட்டிருக்க மாட்டார் என்று சொல்தா ரொம்ப நேரம் கவலைப்பட்டார்.

டெஸ்ட் ரிசல்ட்டும் நல்லபடியாக வந்தது. வீட்டுக்கு வந்து, நேராக நிற்க முடிந்த முதல் நாளே சரோஜா மூன்று அடுக்கிலும் மூன்று பண்டம் செய்து நிரப்பி எவர்சில்வர் கேரியரைத் திருப்பிக் கொடுத்தாள். சொல்தா வாசலில் நின்றே திறந்து பார்த்துவிட்டு, "மதாம், அதிரசம் கொஞ்சம் கெட்டி" என்றார். அவள் என்னைத் திட்டுவது மாதிரி அவரையும் திட்டினாள்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் மொபெட் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாட்ச்மேன்தான் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தான். "சார், நம்ம சொல்தா ஐயா இங்க வார்டுல இருக்காரு. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாரு."

சரோஜா சமைத்தாள். நான் எங்கள் கேரியரைத் தூக்கிக்கொண்டேன். வார்டுக்குப் போகும் வழியில் டாக்டர் எங்களை நிறுத்தி, நீங்கள் யார், பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். பிள்ளைகளை வரச் சொல்லுங்கள், சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். வேறு சிலதும் சொன்னார். சரோஜா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தொப்பி இல்லாமல், ஆறடி மனிதர் கட்டிலில் ஓர் ஓரமாகக் கிடந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கண் என் முகத்துக்கு வரவில்லை. கையில் இருந்த கேரியருக்குப் போனது. எவர்சில்வர். மூன்று அடுக்கு. கொஞ்சம் மூச்சு விட்டார்.

"டாக்டரு ஒங்ககிட்ட இன்னா சொன்னாரு மிசே?"

"வெறும் வயித்துல சேதி கிடையாது" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரம் ஆயிற்று. "சரி. ரசத்தை எடுங்க, பாக்கலாம்."

ரச அடுக்கைத் திறந்து அவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அன்று நான் பார்த்த அதே மாதிரி. ரசம் கண்ணுக்கே தெரியவில்லை. மேலே முழுக்கக் கடுகு. ஒரு கல்யாணத்துக்குத் தாளித்த கடுகு அதில் மிதந்தது.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரோஜாவைப் பார்த்தார். "மதாம், கடுகு கொஞ்சம் ஜாஸ்தி."

"கை தவறிடுச்சு சொல்தா" என்றாள் சரோஜா. நாற்பது வருஷ சமையலில் அவள் கை தவறி நான் பார்த்ததில்லை. "அலே, அலே. சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார். மூன்று வாய். மூன்றாவது வாய்க்கு அப்புறம் நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு சல்யூட் வைத்தேன்.

பார்க்கிற எதையும் எண்ணிவிடுகிறவன் நான். அந்த ரசத்தில் மிதந்த கடுகை மட்டும் எண்ணவில்லை.